நொடிக்கு ஒரு முழம் குரல்

வேதாரண்யம் கோயிலில் சரசுவதியின் கையில் வீணை கிடையாது. அந்த ஊர் அம்மனின் பெயர் யாழைப்பழித்த மொழியம்மை. அம்மன் பேசும் இனிமைக்கு முன்னால் வீணை எதற்கு என்று கலைமகள் அதை வைத்துவிட்டுச் சுவடியைக் கையில் எடுத்துக்கொண்டாள் என்று ஊரில் சொல்வார்கள். வேதங்கள் பூட்டிவிட்டுப் போன கதவை அப்பர் பாடித் திறந்ததும் சம்பந்தர் பாடி அடைத்ததும் இதே கோயிலில்தான் என்கிறது பெரிய புராணம். வாத்தியத்தை வென்ற குரல், கதவை அசைத்த குரல். இப்படி இரண்டு கதைகளை வைத்திருக்கும் கோயிலிலிருந்து தெற்கே பத்துக் கிலோமீட்டர் போனால் கோடியக்கரை. காவிரிச் சமவெளி கடலோடு முடியும் முனை அது. கடற்காற்று வீசும் காட்டில், கூகையும் ஆந்தையும் குழறும் இடத்தில் ஏன் இப்படித் தனியாக இருக்கிறீர் என்று சுந்தரர் அங்குள்ள சிவனான குழகரைக் கேட்டுப் பாடியிருக்கிறார்.

மனிதக் குரல் இயந்திரத் துணையின்றி எதுவரை எட்டும்? இந்தக் கேள்விக்கு இயற்பியல் சொல்லும் பதிலை விளக்க இந்தச் சமவெளியைவிடப் பொருத்தமான இடமில்லை. அந்தப் பதிலைத் தன் உடம்பிலேயே வைத்திருந்த ஒரு பெண்ணும் இதே சமவெளியில் பிறந்தவர்தான்: திருவையாற்றில் 1911 நவம்பர் 11 அன்று பிறந்த டி. பி. ராஜலட்சுமி. முதல் தமிழ்ப் பேசும் படத்தின் கதாநாயகி என்று அவரை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்த வரிக்குள் தொண்டை, காற்று, ஒளி, வெள்ளி, அமிலம் எல்லாம் அடங்கியிருக்கின்றன.

முதலில் காற்று. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அதில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர் என்றால் 30 டிகிரியில் 349. அற்ப வித்தியாசம்தான். ஆனால் ஒலி போகும் திசையையே அது திருப்பிவிடும். சேற்றுத் தடத்தில் மாட்டு வண்டியின் ஒரு சக்கரம் மட்டும் புதைந்தால், மெதுவாகும் சக்கரத்தின் பக்கமே வண்டி திரும்புகிறதல்லவா, ஒலியும் அப்படித்தான். பகலில் உப்பளமும் அறுத்த வயலும் காய்ந்து, தரையை ஒட்டிய காற்று அதிகம் சூடாகிறது. கீழே வேகம், மேலே மந்தம். ஒலி அலை மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடுகிறது. சற்றுத் தள்ளி நிற்பவர் ஒலியின் நிழலில் நிற்கிறார். மேகமற்ற, காற்று அடங்கிய இரவில் எல்லாம் தலைகீழாகிறது. தரை சீக்கிரம் குளிர்கிறது, தரையோரக் காற்றும் குளிர்கிறது. கீழே மந்தம், மேலே வேகம். உயரே தப்பிப் போயிருக்க வேண்டிய ஒலி வளைந்து கீழே இறங்கி வெகுதூரத்துக் காதுகளில் விழுகிறது.

வீசும் காற்றும் இதே வேலையைச் செய்கிறது. வாடை அடிக்கும் நாளில் கோடியக்கரை மணலில் வடக்கே நின்று ஒருவர் கூப்பிட்டால் தெற்கே நிற்பவருக்கு நன்றாகக் கேட்கும். தெற்கே இருப்பவர் பதிலுக்குக் கூப்பிட்டால் வடக்கே கேட்காது. ஒலியைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்கிறோம். ஆனால் நொடிக்குப் பத்து மீட்டர் வேகக் காற்று, 340 மீட்டருக்கு மேல் ஓடும் ஒலியை எப்படி விரட்டும்? உண்மையில் நடப்பது வளைவு. தரையோடு உராய்வதால் காற்று கீழே மெதுவாகவும் உயரே வேகமாகவும் வீசுகிறது. காற்றோடு போகும் ஒலி கீழே வளைகிறது, எதிர்த்துப் போகும் ஒலி மேலே வளைகிறது. ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1857-இல் இதை விளக்கினார்.

நம் நாடகங்கள் இரவுக்கு உரியவை. சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த வள்ளி திருமணமும் பவளக்கொடியும் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடந்தவை. வயல் வேலை முடிந்து, சாப்பிட்டு, பாயும் போர்வையுமாக ஜனங்கள் வந்து சேர அந்த நேரம்தான் தோது. திருவிழாக்கள் மிகுந்த மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் அறுவடை முடிந்த வெறும் வயல், தெளிந்த வானம். யாரும் இயற்பியல் பார்த்துத் தேர்ந்த நேரமில்லை. ஆனாலும் குரல் நெடுந்தூரம் போகக்கூடிய நேரம் அதுதான். அடுத்த ஊரில் படுத்திருந்தவருக்கும் பாட்டுக் கேட்டது என்று பழைய ஆட்கள் சொல்வதை நான் மிகை என்று தள்ளுவதில்லை.

இனி தொண்டை. சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தள்ளிக் கேட்டால் ஏறத்தாழ 60 டெசிபல். பயிற்சி பெற்ற பாடகர் முழுக் குரலில் பாடினால் 95-ஐத் தொடலாம். தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் என்பது கணக்கு. 200 மீட்டர் தள்ளி, பேச்சு 14 டெசிபலாகச் சுருங்கி இலைச் சலசலப்பில் அமிழ்ந்துவிடும். பாட்டோ இன்னும் 49 டெசிபலோடு அமைதியான இரவில் தெளிவாக நிற்கும். இத்தனைக்கும் 95 டெசிபல் குரலில் வெளிப்படும் மொத்த ஒலி ஆற்றல் ஒரு வாட்டில் நூறில் சில பங்குதான். அதைக்கொண்டு ஒரு கொட்டகை நிறைந்த கூட்டத்தை விடியும்வரை உட்கார வைத்தார்கள்.

கொட்டகைக் குரல்கள் மேல்கட்டையில் பாடியதற்கும் காரணம் உண்டு. மேடையோரம் கால் ஆர்மோனியம் இரைந்துகொண்டிருக்கும், மிருதங்கம் அதிரும். அவற்றின் பலம் பெரும்பாலும் கீழ் அலைவெண்களில் இருக்கிறது. நம் காதோ நொடிக்கு இரண்டாயிரம் முதல் ஐயாயிரம் அதிர்வுகள் வரையிலான பகுதியில்தான் மிகக் கூர்மையாகக் கேட்கிறது. சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள காதுத் துவாரம் மூவாயிரத்தை ஒட்டிய அதிர்வுகளைத் தானே பெருக்கித் தருவதும் அதற்கு ஒரு காரணம். வாத்தியம் பலவீனமாக உள்ள, காது பலமாக உள்ள அந்த இடைவெளிக்குள் குரலைச் செலுத்தத் தெரிந்தவருக்கு ஒலிபெருக்கி வேண்டாம்.

ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் நடு சட்ஜம் நொடிக்கு ஏறக்குறைய 196 அதிர்வு, மேல் சட்ஜம் 392. குரல்வளைக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள இரண்டு தசை மடிப்புகள் நொடிக்கு 392 முறை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. மேல் சட்ஜத்தை ஒட்டி மொத்தமாக ஒரு மணி நேரம் பாடினால் 14 லட்சம் மோதல்கள். இதில் தசை வீங்காமல், குரல் கம்மாமல் மறுநாள் ராத்திரியும் பாட வேண்டும். மேலே போகப் போக இன்னொரு சிக்கல் வரும். ‘இ’ என்ற உயிரை நாம் ‘இ’ என்று அடையாளம் காண உதவும் முதல் ஒத்ததிர்வு முந்நூறு சொச்ச அதிர்வுகளில் இருக்கிறது. பாடும் சுரம் அதைத் தாண்டிவிட்டால் அந்த ‘இ’யைத் தாங்க ஒன்றுமில்லை. பாடுபவர் வாயை அகலத் திறந்து ஒத்ததிர்வைச் சுரத்தின் உயரத்துக்கு ஏற்றுகிறார். குரல் பலமாகிறது, எழுத்து மங்குகிறது. பாட்டை முடித்ததும் அதே கருத்தை வசனமாக ஒருமுறை சொல்லும் வழக்கம் நம் மேடையில் நிலைத்ததற்கு இதுவும் காரணம் என்பது என் கணிப்பு. பாட்டு தூரத்தை எட்டும், வசனம் அர்த்தத்தைக் கொண்டு சேர்க்கும்.

ராஜலட்சுமி இந்தப் பயிற்சிக்குள் வந்தது ஆசைப்பட்டு அல்ல. தந்தை பஞ்சாபகேச சாஸ்திரி கிராமக் கணக்கர். பத்து வயது ஆகும் முன்னே பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவிட்டார்கள். சீர் வகையில் வந்த தகராறில் புகுந்த வீட்டார் குழந்தையைத் திருப்பி அனுப்பினார்கள். தந்தையும் இறந்துபோனார். தாய் மகளை அழைத்துக்கொண்டு திருச்சிக்கு வந்து, சி. எஸ். சாமண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்த்தார். குடும்பப் பெண்கள் மேடை ஏறுவதை ஊர் ஏசிய காலம் அது. அக்கிரகாரத்துப் பிள்ளை கூத்தாடப் போனது எவ்வளவு ஏச்சைக் கொண்டுவந்திருக்கும் என்பதை இன்று முழுதாக உணர முடியாது. புகுந்த வீடு வேண்டாம் என்ற பிள்ளையின் குரலை அந்தக் கம்பெனி வேண்டும் என்றது. அவர் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை என்று நினைக்கிறேன்.

1920-களின் கடைசியில் சினிமா அவரைத் தேடி வந்தது. வந்தது ஊமைச் சினிமா. 1929-இல் வந்த ‘கோவலன்’ உட்படச் சில ஊமைப் படங்களில் நடித்தார். இரவெல்லாம் பாடிப் பழகியவரின் உதடு அசைவதை மட்டும் பிடித்தது கேமரா.

அடுத்த ஆண்டு, 1930 ஏப்ரலில், ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்து வேதாரண்யம் வந்தார். ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். வழியெல்லாம் பாட்டாலேயே ஜனங்களைத் திரட்டிய நடை அது. குரலுக்கு அந்தக் காலத்தில் இருந்த அரசியல் பலத்தை நினைத்துக்கொண்டால் அதற்கடுத்த வருஷம் நடந்தது நன்றாகப் புரியும். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ திரையிடப்பட்டது. எச். எம். ரெட்டி இயக்கம், பம்பாய் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி தயாரிப்பு. கதாநாயகி ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பேசினார். புராண கால இளவரசி தியாகராஜ கீர்த்தனை பாடினாள். காந்தியின் கைராட்டையைப் பற்றியும் பாடினாள். படச்சுருள் வந்தபோது தேங்காய் உடைத்துச் சூடம் காட்டி ஊர்வலமாகக் கொண்டுபோனார்களாம். தியாகராஜர் வாழ்ந்து மறைந்த திருவையாற்றில் பிறந்த பெண் அவருடைய கீர்த்தனையைத் திரையில் பாடிய அந்த நாளுக்கு அது தகும்.

தொண்டையில் பிறந்த அலை படச்சுருளில் எப்படி ஏறுகிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். மைக்குக்குள் இருக்கும் மெல்லிய தகடு குரலுக்கு ஏற்ப அதிர்கிறது. அந்த அதிர்வு மின்சாரமாகி, மின்சாரம் ஒரு விளக்கொளியின் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. அந்த ஒளி ஒரு மயிரிழைப் பிளவு வழியாக, ஓடும் படச்சுருளின் ஓரத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் அகலப் பட்டையில் விழுந்து கறுப்பு வெளுப்பாகப் பதிகிறது. கொட்டகையில் இது அப்படியே திரும்பி நடக்கும்: பட்டை வழியாக விளக்கொளி பாய, அதன் ஏற்ற இறக்கத்தை ஒளி மின்கலம் மின்சாரமாக்க, ஒலிபெருக்கி அதைக் காற்றாக்குகிறது.

பேசும் படச்சுருள் நொடிக்கு 24 படங்கள் என்ற கணக்கில் ஓடும். அப்படி ஓடினால் ஒரு நொடிக்கு ஒன்றரை அடி, அதாவது 45.7 சென்டிமீட்டர். சரியாக ஒரு முழம். ஐந்து கட்டையில் ஒரு நொடி நீட்டிய மேல் சட்ஜம் ஒரு முழ நீளத்தில் 392 கோடுகளாகப் படிந்திருக்கும், ஒவ்வோர் அலையும் ஒன்றேகால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக. காது கூர்ந்து கேட்கும் மூவாயிரம் அதிர்வுப் பகுதி என்றால் ஓர் அலைக்கு 0.15 மில்லிமீட்டர். கண்ணாடி வைத்துப் பார்த்தால் குரல் கண்ணுக்கே தெரியும்.

இரானி 1931 மார்ச்சில் வெளியிட்ட ‘ஆலம் ஆரா’வைப் படத்தையும் ஒலியையும் ஒரே சுருளில் ஒரே நேரத்தில் பதியும் டானார் கருவியில் எடுத்தார். ‘காளிதாஸ்’ எடுத்ததும் அந்தப் படத்தின் அரங்குகளிலேயே. இந்த முறையில் ஒரு தொல்லை. படம் விழும் சன்னலில் சுருள் விட்டு விட்டு நகர வேண்டும், ஒலி பதியும் இடத்தில் சீராக ஓட வேண்டும். அதனால் இரண்டும் ஒரே இடத்தில் பதிய முடியாது; ஒரு சொல்லும் அதைச் சொன்ன உதடும் இருபது படங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். படத்தை வெட்டினால் வேறு யாருடைய வார்த்தையோ வெட்டுப்படும். தவறு செய்யாமல் ஒரே மூச்சில் நீளமாகப் பாடி நடிக்கக்கூடியவர்தான் அந்தக் கருவிக்குத் தேவை. நாடகக் கம்பெனிகள் பல வருஷமாக உருவாக்கி வைத்திருந்தது அதே ஆட்களைத்தான். ஸ்டுடியோ ரயில் பாதை அருகே இருந்ததால் ‘ஆலம் ஆரா’வை ரயில் ஓடாத நடுராத்திரிகளில் எடுத்தார்கள். அந்த நேரமும் நாடகக்காரர்களுக்குப் புதிதல்ல.

பழகிய ஒன்றை அவர்கள் விடவும் வேண்டியிருந்தது. முழு பலத்தோடு பாடினால் பட்டையில் அலையின் முகடு வெட்டுப்பட்டுக் குரல் கரகரக்கும். இருநூறு மீட்டருக்குப் பாடிய தொண்டை, இரண்டு மீட்டரில் ஒளித்து வைத்த மைக்குக்குப் பாட வேண்டும். முகமும் கையும் கூட அதே அளவுக்கு அடங்க வேண்டும். இதை ஒருவர் எத்தனை நாளில் கற்றார் என்பதைவிட, கற்றுக்கொடுக்க ஒருவருமே இல்லாமல் கற்றார் என்பதுதான் எனக்கு மலைப்பு.

உலகம் முழுவதும் அன்று இதே சோதனைதான். ‘காளிதாஸ்’ வெளியான பத்தாவது நாள், 1931 நவம்பர் 10 அன்று, கனடாவின் கோபர்க் ஊரில் பிறந்த மேரி டிரெஸ்லருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. சிறுமியாக மேடை ஏறியவர். 1914-இல் சாப்ளினோடு ஊமைப் படத்தில் நடித்தவர். இடையில் வாய்ப்பற்று ஒதுங்கியவர். பேசும் படம் வந்ததும் அவருடைய மேடைக் குரல் அறுபது வயதுக்கு மேல் அவரை உச்சத்துக்குக் கொண்டுபோனது. அவருக்கு முந்தைய இரண்டு விருதுகளைப் பெற்ற மேரி பிக்ஃபோர்டும் நார்மா ஷியரரும் கனடாவில் பிறந்தவர்களே. நார்மாவின் அண்ணன் டக்ளஸ் ஷியரர் ஒலிப்பதிவாளர். ஒலிப்பதிவுக்கான முதல் ஆஸ்கரை அவருடைய ஸ்டுடியோ ஒலிப்பதிவுப் பிரிவு வாங்கியது. தங்கை நடிக்க, அண்ணன் ஒலி சேர்க்க, அங்கே ஒரு குடும்பத்துக்குள்ளேயே அந்த மாற்றம் நடந்தது. இங்கே அது ஒரே பெண்ணின் மேல் மொத்தமாக விழுந்தது.

ராஜலட்சுமி அதோடு நிற்கவில்லை. 1933-இல் ‘வள்ளி திருமணம்’ படத்தில் வள்ளியானார். நாரதராக நடித்த டி. வி. சுந்தரத்தை மணந்தார். 1936-இல் தான் எழுதிய ‘கமலவல்லி’ நாவலை ‘மிஸ் கமலா’ என்ற படமாகத் தானே இயக்கி, தயாரித்து, நடித்தார். தென்னிந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண் அவர். மகளுக்கும் கமலா என்று பெயர்.

1938-இல் அவர் யசோதையாக நடித்த ‘நந்தகுமார்’ வெளிவந்தது. அந்தப் படத்தில் வேறொரு நடிகையின் பாட்டுக்கு லலிதா வெங்கட்ராமனின் குரலைத் தனியே பதிந்து சேர்த்தார் ஏ. வி. மெய்யப்பன். தமிழ்ப் படத்தில் பின்னணிப் பாட்டு தொடங்கிய இடமாக அதைச் சொல்கிறார்கள். ஒலியைத் தனிச் சுருளில் பதிய முடிந்ததால் வந்த வசதி. அன்றிலிருந்து நடிக்கிறவருக்குப் பாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நமக்கு எத்தனையோ அருமையான பின்னணிக் குரல்கள் கிடைத்தன, மறுக்கவில்லை. ஆனால் பாட்டும் நடிப்பும் ஓர் உடம்பில் சேர்ந்து வளரும் பயிற்சி அதன்பின் சினிமாவுக்குத் தேவைப்படவில்லை, மெல்ல மேடையிலும் மெலிந்தது. இந்த இழப்பை நாம் போதுமான அளவு பேசவில்லை.

கலைமாமணி விருது 1961-இல் வந்தது. 1964 ஆகஸ்ட் 20 அன்று ராஜலட்சுமி மறைந்தார். தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கியதும் அதே ஆண்டு பிப்ரவரியில்தான். ‘காளிதாஸ்’ அதற்கு முன்பே அழிந்துவிட்டிருந்தது. படத்தின் பிரதி இல்லை, அதன் பாட்டுகள் இசைத்தட்டாகவும் கிடைக்கவில்லை. காரணத்தில் பாதி வேதியியல். 1950-களின் தொடக்கம்வரை படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. வைத்த இடத்திலேயே அது சிதையும். சிதையும்போது வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, மிச்சத்தையும் வேகமாகச் சிதைக்கும். சுருள் முதலில் பிசுபிசுக்கும், பிறகு ஒட்டிக் கட்டியாகும், கடைசியில் பழுப்புப் பொடி. தீப்பிடித்தால் தன் ஆக்சிஜனைத் தானே தருவதால் தண்ணீருக்கடியிலும் எரியும். நம் சமவெளியின் வெக்கையும் ஈரமும் இந்தச் சிதைவுக்குச் சாதகமானவை. காரணத்தின் மறுபாதி மனிதர்கள். ஓடி ஓய்ந்த பிரதிகளை அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கினார்கள். குரலைத் தாங்கிய கறுப்புக் கோடுகள் வெள்ளித் துகள்களே.

ஆனாலும் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. 1860-இல் பாரிஸில் ஸ்காட் த மார்ட்டின்வில் என்பவர் கரிபூசிய தாளில் ஒரு பாட்டின் அதிர்வைக் கோடாக வரைந்து வைத்தார். திருப்பிக் கேட்கும் எண்ணமே அவருக்கு இல்லை. 2008-இல் ஆய்வாளர்கள் அந்தக் கோட்டைப் படமெடுத்து, கணினியால் படித்து, ஒலியாக மீட்டார்கள். படச்சுருள் பட்டை அதைவிடத் தெளிவான எழுத்து. சிக்கும் பிசுபிசுப்புமான சுருளை இயந்திரத்தில் ஓட்டக்கூட வேண்டாம். பட்டையைப் படம் பிடித்தாலே ஒலியைப் படிக்கலாம். ஒரு முழம் கிடைத்தால் ஒரு நொடிக் குரல், ஒரு கஜம் கிடைத்தால் இரண்டு நொடி.

திருச்சியிலோ கும்பகோணத்திலோ பம்பாயிலோ, பழைய டூரிங் டாக்கீஸ்காரர் வீட்டுப் பரணில் துருப்பிடித்த வட்டத் தகரப் பெட்டி கிடந்து, திறந்ததும் மூக்கை அரிக்கும் நெடி வந்தால் அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். வெயிலிலும் அடுப்பு இருக்கும் பக்கமும் வைக்காதீர்கள், சுருளைப் பிரித்துப் பார்க்க இழுக்காதீர்கள். காற்றோட்டமான நிழலில் வைத்துவிட்டு, அன்றே புனே ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.